200 மணி நேரத்துக்குள் என்னென்ன இருக்க வேண்டும்? விமானிப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

விமானிப் பயிற்சி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். இப்போதே 5 லட்ச ரூபாய் முன்பணம் கட்டினால் அடுத்த ஆண்டு இடம் உறுதி என்கிறது ஒரு பயிற்சிப் பள்ளி. கட்டலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

கட்டாதீர்கள். முதல் செலவு மருத்துவப் பரிசோதனைக்காக இருக்கட்டும். சில ஆயிரங்களில் முடிகிற அந்தச் சோதனைதான் பல லட்சம் செலவழிக்கலாமா என்று சொல்லும்.

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், எல்லோரும் டி.ஜி.சி.ஏ. என்றே சொல்வார்கள். மருத்துவச் சான்றில் இரண்டு படிகள் உண்டு. முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர் ஒருவரிடம் 'கிளாஸ் 2'. அதற்கு ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், காது மூக்கு தொண்டை, கண் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அது தேறி டி.ஜி.சி.ஏ.வின் கோப்பு எண் கிடைத்த பிறகு 'கிளாஸ் 1'. இந்தச் சோதனை இன்னும் நுணுக்கமானது. பெங்களூரிலும் டெல்லியிலும் உள்ள விமானப்படை மருத்துவ நிலையங்களிலும், இதற்கென அங்கீகரிக்கப்பட்ட வேறு மையங்களிலும் நடக்கும். சம்பளத்துக்குப் பறக்க வேண்டுமானால் கிளாஸ் 1 இல்லாமல் முடியாது.

கிளாஸ் 2 கையில் வந்ததுமே பயிற்சிக்குப் பணம் கட்டிவிடுவதுதான் பெற்றோர் செய்கிற பெரிய தவறு. பொழுதுபோக்காகப் பறப்பதற்கு கிளாஸ் 2 போதும், தொழிலுக்குப் போதாது. கிளாஸ் 1 வரும்வரை பொறுங்கள்.

'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அதிக எடை, ரத்த அழுத்தம், குறைந்த ஹீமோகுளோபின் போன்ற காரணங்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படி எழுதுவார்கள். குறித்த காலத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்டலாம். நிறக்குருடு விஷயம் அப்படியல்ல. புள்ளிகளுக்குள் எண் தேடும் இஷிஹாரா சோதனையை ஊரிலுள்ள கண் மருத்துவரிடமே முதலில் செய்து பார்த்துவிடுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்ணுக்கு மருந்தும் இல்லை, பயிற்சியும் இல்லை. பையனின் மனம் இந்தக் கனவில் முழுதாக ஊறும் முன்பே தெரிந்துகொள்வது அவனுக்கு நல்லது.

கண்ணாடி போட்டிருந்தால் விமானி ஆக முடியாதா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ஆகலாம். கண்ணாடியுடன் தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும். பறக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்று உடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சான்றிதழில் ஏறும். லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைத்தால், அதற்கு முன் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். சிகிச்சைக்குப் பின் காத்திருப்புக் காலம் உண்டு. சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அடங்கிய ஆவணங்களையும் கேட்பார்கள். அவற்றைத் தொலைத்துவிட்டு அலைபவர்கள் அதிகம்.

நான் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தேன். வாய்ப்பே இல்லையா?
– வாசகர், கரூர்

வர்த்தக விமானி உரிமத்துக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும், வேதியியல் தேவையில்லை. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம். பல ஆண்டுகளாகப் பலர் வந்த வழி இதுதான். தேர்ச்சி பெற்றதும் அந்த வாரியத்திடம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு உடனே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புக்கும் இதே சரிபார்ப்பு உண்டு. இந்தத் தாள்களுக்காகத்தான் பல கோப்புகள் மாதக்கணக்கில் தேங்குகின்றன.

எஸ்.பி.எல்., பி.பி.எல்., சி.பி.எல்., ஏ.டி.பி.எல். என்று நான்கு பெயர்கள் சொல்கிறார்கள். நான்கையும் வரிசையாக வாங்க வேண்டுமா?
– ஆசிரியை, புதுக்கோட்டை

எஸ்.பி.எல். என்பது மாணவ விமானி உரிமம். 16 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கிளாஸ் 2 சான்று ஆகியவற்றோடு பயிற்சிப் பள்ளியில் ஒரு வாய்மொழித் தேர்வும் தேற வேண்டும். இதை வைத்துப் பயிற்றுநரின் மேற்பார்வையில் மட்டுமே பறக்கலாம். பயணிகளை ஏற்ற முடியாது.

பி.பி.எல். தனியார் விமானி உரிமம். 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சொந்த விருப்பத்துக்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். காசு வாங்கக் கூடாது. வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது கட்டாயமில்லை. எஸ்.பி.எல். வைத்துக்கொண்டே மணி நேரங்களைச் சேர்த்து நேராக சி.பி.எல்.லுக்குப் போகலாம், இந்தியாவில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் பணம் அனுமதித்தால் பி.பி.எல். வாங்கிக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. நடுவில் ஒரு முறை முறையான தேர்வுப் பறப்பைச் சந்தித்த மாணவர், இறுதித் தேர்வில் பதறுவதில்லை.

சி.பி.எல். வர்த்தக உரிமம். 18 வயது, 200 மணி நேரம். விமான நிறுவனத்தில் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார உரிமங்களில் இது போதும்; இதோடு சேர வேண்டிய ரேட்டிங்குகளைப் பின்னால் சொல்கிறோம். ஏ.டி.பி.எல். 21 வயதுக்கு மேல், 1,500 மணி நேரத்துக்குப் பின் வருவது. கேப்டனாக இடப்பக்க இருக்கைக்கு மாற அது வேண்டும். புதிதாகச் சேருபவர் இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

200 மணி நேரம் பறந்தால் சி.பி.எல். என்கிறார்கள். என் அண்ணன் 207 மணி நேரம் பறந்தும் உரிமம் வரவில்லை. ஏன்?
– வாசகி, ஈரோடு

உங்கள் அண்ணனின் லாக் புக்கை, அதாவது பறந்த நேரங்களைப் பதியும் ஏட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். 200 என்பது மொத்தம். அந்த மொத்தத்துக்குள் எது எவ்வளவு என்று விதி தனித்தனியாகச் சொல்கிறது.

தலைமை விமானியாக, அதாவது பொறுப்பு முழுவதும் தன் கையில் இருக்க, 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் கிராஸ் கன்ட்ரி 20 மணி. அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைல், அதாவது சுமார் 556 கி.மீ. நீளம் இருக்க வேண்டும். வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முழுமையாக நின்று புறப்பட்டிருக்க வேண்டும். சக்கரத்தைத் தொட்டுவிட்டு எழும்பினால் கணக்கில் வராது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி. அதில் 5 மணி வரை, தரையிலிருந்தே பறப்பைப் பழகும் சிமுலேட்டரில் செய்யலாம். இரவுப் பறப்பு 5 மணி. அதற்குள் தலைமை விமானியாக 10 முறை மேலெழும்பி 10 முறை இறங்கியிருக்க வேண்டும்.

பலர் இதை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான். வேலை வேண்டுமானால் சி.பி.எல்.லோடு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி சேர்ந்தே வேண்டும். அதற்குத் தலைமை விமானியாக கிராஸ் கன்ட்ரி 50 மணி. கருவிப் பறப்பு 40 மணி, அதில் 20 வரை சிமுலேட்டர். விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி சர்க்யூட் அடித்தே 100 மணியை நிரப்பிய மாணவருக்கு கிராஸ் கன்ட்ரி 25-லேயே நின்றிருக்கும். மீதி 25 மணியைக் கூடுதல் பணம் கொடுத்துத்தான் பறக்க வேண்டும். ஒரு மணி நேரம் பத்தாயிரத்துக்கு மேல் என்று வைத்தால்கூட இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் முதல் சோலோ முடிந்த வாரமே பயிற்றுநரோடு உட்கார்ந்து, மிச்சமுள்ள மணி நேரங்களை இந்தத் தலைப்புகளில் பங்கிட்டு எழுதிக்கொண்டால் இது வராது. ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் கொண்ட விமானத்தில் பழகும் மல்டி இன்ஜின் பறப்பையும், வழக்கமாக 15 மணி வரை, அந்தத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிடலாம்.

அடுத்தது காலக்கெடு. 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். தலைமை விமானியாகப் பறந்ததில் 15 மணி நேரம் கடைசி 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வுப் பறப்புகளும் கடைசி 6 மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பகலில் 250 கடல் மைலும் இரவில் 120 கடல் மைலும் செல்லும் கிராஸ் கன்ட்ரி சோதனைகள் அவற்றில் அடங்கும். மருத்துவச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பறப்பு முழுவதையும் முடித்த மாணவருக்கு எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு தாள் பாக்கி என்று வையுங்கள். அதைத் தேறுவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டால், தேர்வுப் பறப்புகள் செல்லாமல் போகும். மறுபடி விமானம், மறுபடி எரிபொருள், மறுபடி பரிசோதகருக்காகக் காத்திருப்பு. அதனால்தான் எழுத்துத் தேர்வுகளை முதலில் முடி, பிறகு பற என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

உங்கள் அண்ணன் லாக் புக்கில் இந்தத் தலைப்புகளைத் தனித்தனியே கூட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் கடைசித் தேதியைக் குறிக்கட்டும். எங்கே ஓட்டை என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

22 மணி நேரம் முடிந்தும் என்னை சோலோ விடவில்லை. இறங்கும்போது விமானம் மிதந்து மேலே போய்விடுகிறது. ஒருமுறை மூக்குச் சக்கரம் முதலில் பட்டுத் துள்ளியது. செஸ்னா 172-ல் பயிற்சி. எங்கே தவறு செய்கிறேன்?
– பயிற்சி மாணவர்

முதலில் 22 என்ற எண்ணை விடுங்கள். 15-லும் விடுவார்கள், 25-லும் விடுவார்கள். அது பின்னாளில் யாரும் கேட்காத எண்.

மிதப்பதற்கு முதல் காரணம் வேகம். இறக்கைத் தட்டுகளை இறக்கிய செஸ்னா 172 கடைசிக் கட்டத்தில் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் வர வேண்டும். பயத்தில் 72 நாட்டில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம்தான் கூடுதல். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், கரைக்க வேண்டிய ஆற்றல் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. ஓடுபாதைக்கு மேல் வந்து கைப்பிடியை இழுத்ததும் அந்த மிச்ச ஆற்றல் விமானத்தை மேலே தூக்குகிறது. கடைசித் திருப்பம் முடிந்ததும் வேகத்தையும், கைப்பிடியின் அழுத்தத்தைத் தணிக்கும் ட்ரிம்மையும் சரிசெய்துவிட்டு, ஓடுபாதையின் இறங்குமிடம் முன்கண்ணாடியில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அது கீழே நகர்ந்தால் உயரம் அதிகம், மேலே நகர்ந்தால் குறைவு. நிமிடத்துக்கு 325 அடி அளவில் இறங்கினால் 65 நாட்டுக்குச் சரியான சரிவு.

இரண்டாவது காரணம் பார்வை. மூக்குக்கு நேர் முன்னால் உள்ள தரையையே பார்த்தால் அது பாய்ந்து வருவதுபோல் தெரியும். உடனே கை சட்டென்று இழுத்துவிடும். தரையை ஒட்டி மூக்கை மெல்ல உயர்த்தும் ஃப்ளேர் தொடங்கும்போது பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். அப்போதுதான் உயரம் குறைவது ஓரக்கண்ணில் சரியாகப் பிடிபடும். அதன் பிறகு கைப்பிடியை இழுத்த இடத்தில் பிடித்து நிறுத்துங்கள். விமானம் தாழத் தாழ இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுங்கள். 'இறக்க' முயலாதீர்கள், இறங்க விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் பிரதான சக்கரங்கள் தானாகவே முதலில் தொடும்.

மிதந்து மேலே போன பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மூக்குச் சக்கரம் முதலில் பட்டது என்றால், மேலே போனதும் கைப்பிடியை முன்னால் தள்ளியிருக்கிறீர்கள். அதுதான் ஆபத்தான வினை. மூக்குச் சக்கரம் தரையில் மோதித் துள்ளும், விமானி மறுபடி தள்ளுவார், இரண்டாவது மூன்றாவது துள்ளலில் மூக்குக் கால் ஒடியும், காற்றாடி தரையைத் தட்டும். கொஞ்சம் மிதந்தால் மூக்கை அதே நிலையில் வைத்து, சிறிது பவர் கொடுத்து, மறுபடி தாழ விடுங்கள். அதிகமாக மிதந்தாலோ சந்தேகம் வந்தாலோ தயங்காமல் கோ அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறிவிடுங்கள். முழு பவர், மூக்கை ஏறும் நிலைக்கு, தட்டுகளை ஒவ்வொரு படியாக மேலே. இறங்குவதற்கு வைத்த ட்ரிம் அப்படியே இருப்பதால் முழு பவரில் மூக்கு வேகமாக மேலே போகப் பார்க்கும். கைப்பிடியை நன்றாகவே முன்னால் அழுத்த வேண்டியிருக்கும். இதை எதிர்பார்க்காதவர்கள் அந்தத் தாழ்ந்த உயரத்தில், இறக்கைகள் தூக்கும் விசையை இழக்கும் ஸ்டாலை நெருங்கிவிடுவார்கள்.

உங்கள் பயிற்றுநர் காத்திருப்பது அழகான இறக்கத்துக்காக அல்ல. கெட்டுப்போன இறக்கத்தை நீங்களாகவே, அவர் சொல்லும் முன், கைவிட்டு மேலே போகிறீர்களா என்று பார்க்கிறார். அடுத்த வகுப்பில் அவரிடம் கோ அரவுண்ட் மட்டும் ஐந்தாறு செய்யக் கேளுங்கள். கோடையில் நண்பகலுக்கு மேல் சூட்டுக் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும். இந்தக் கட்டத்தில் காலை வகுப்பையே வாங்குங்கள்.

செஸ்னா 152-ல் பறந்துகொண்டிருந்தபோது இன்ஜின் சுழற்சி மெல்லக் குறைந்தது. கார்புரேட்டருக்குச் சூடான காற்று அனுப்பும் கார்புரேட்டர் ஹீட் போட்டதும் இன்னும் குறைந்து இன்ஜின் குலுங்கியது. பயந்து அணைத்துவிட்டேன். கார்புரேட்டரில் பனி பிடித்தது என்கிறார்கள். வெளியே 22 டிகிரி. பனி எப்படி வரும்?
– பயிற்சி மாணவி

22 டிகிரியிலும் வரும். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட விழும். காற்றில் ஈரம் இருந்தால் அங்கேயே உறையும். மழை ஓய்ந்த காலை, மேகத்துக்குக் கீழே, குறைந்த பவரில் இறங்கும் நேரம் ஆகியவைதான் இதற்கு ஏற்ற சூழல்.

ஹீட் போட்டதும் இன்ஜின் குலுங்கியது நல்ல அறிகுறி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் சுழற்சி முதலில் விழும். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் குலுங்கும். பிறகு பழைய நிலைக்கு ஏறும். அதற்குள் அணைத்துவிட்டால் பாதி உருகிய பனி மறுபடி கெட்டியாகும். முழுதாகப் போடுங்கள், சுழற்சி ஏறி நிற்கும்வரை விடுங்கள். பாதியளவு திறந்து வைப்பதும் கூடாது. பவரைக் குறைத்து இறங்கத் தொடங்கும் முன்பே போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வுகள் எத்தனை? எதில் அதிகம் தோற்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

விமான வழிகாட்டல், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், பொதுத் தொழில்நுட்பம், நீங்கள் பறக்கும் குறிப்பிட்ட விமான வகை பற்றிய தொழில்நுட்பம் என ஐந்து. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். எழுதுவதற்கு முன் டி.ஜி.சி.ஏ.விடம் 'கம்ப்யூட்டர் எண்' பெற வேண்டும். இவற்றோடு வானொலித் தொடர்பாளருக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. முன்பு அதைத் தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பாரதீய வாயுயான் அதிநியம் அந்தப் பொறுப்பை டி.ஜி.சி.ஏ.விடம் மாற்றியிருக்கிறது. பழைய கையேடுகளையும் பழைய காணொளிகளையும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

அதிகம் தோற்பது வழிகாட்டலில்தான். கணக்கு கடினம் என்பதல்ல காரணம். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து, வரைபடத்தில் அதைப் பார்க்காமல் விடுகிறார்கள். '60-க்கு 1' விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கடல் மைல் போனபின் பாதையிலிருந்து 1 மைல் விலகினால், விலகிய கோணம் 1 டிகிரி. இனி 120 மைல் பயணம் ஒன்று. 40 மைல் போனதும் கீழே தெரியும் ரயில் சந்திப்பை வைத்துப் பார்த்தால் 4 மைல் வலப்பக்கம் விலகியிருக்கிறீர்கள். விலகிய கோணம் 4 வகுத்தல் 40, பெருக்கல் 60: ஆக 6 டிகிரி. பாக்கி 80 மைல். சேருமிடத்தை அடைய 4 வகுத்தல் 80, பெருக்கல் 60: ஆக 3 டிகிரி. இடப்பக்கம் 9 டிகிரி திருப்ப வேண்டும். 6 மட்டும் திருப்புகிறவர் பழைய பாதைக்கு இணையாக, 4 மைல் தள்ளியே போய்க்கொண்டிருப்பார். தேர்வில் தவறான விடையாக அந்த 6-ஐயே வைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் ஓராண்டில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அங்கே போவது நல்லதா, இங்கேயே படிப்பதா?
– பெற்றோர், கோயம்புத்தூர்

வேகம் உண்மைதான். வானிலை, விமானங்களின் எண்ணிக்கை, பரிசோதகர் கிடைப்பது எல்லாம் அங்கே சாதகம். ஆனால் அமெரிக்க உரிமத்தோடு வந்து இங்கே வேலைக்குச் சேர முடியாது. இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். விமான விதிகள் தாள், வழிகாட்டலும் வானிலையும் சேர்ந்த கூட்டுத் தாள், ஆர்.டி.ஆர்., இந்திய மருத்துவச் சான்று, தேவையான தேர்வுப் பறப்புகள், அமெரிக்க ஆணையம் உங்கள் உரிமம் உண்மையானது என்று அனுப்பும் கடிதம் ஆகிய அத்தனையும் வேண்டும். இதற்கான மாதங்களையும் பணத்தையும் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிடுகிறார்கள்.

மணி நேரக் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி தனியார் உரிமம் பெற்றவர், பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாலும் கைப்பிடி தன் கையில் இருந்த நேரத்தைத் தலைமை விமானிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் திரையோடு கருவிப் பறப்புப் பழகும் நண்பருக்குப் பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளலாம். அங்கே அது சட்டப்படி சரி. இங்கே 100 மணி தலைமை விமானிக் கணக்கைப் பார்க்கும்போது இவை கழிபடும். 250 மணி நேரத்தோடு வந்தவர்கூட 100-ஐக் காட்ட முடியாமல் இங்கே மறுபடி பறக்க வேண்டிவரும். போவதானால் இந்திய அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், உண்மையாகவே தனியாகப் பறந்த 100 மணியையும் 50 மணி கிராஸ் கன்ட்ரியையும் தனிப் பத்தியில் எழுதிச் சேருங்கள்.

புறப்படும் முன்பே டி.ஜி.சி.ஏ. தாள்களைத் தேறிவிட்டுப் போகிறவருக்கே வெளிநாட்டுப் பயிற்சி லாபம்.

நல்ல பயிற்சிப் பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? செலவு எவ்வளவு? கடன் கிடைக்குமா?
– பலர் கேட்டது

இந்தியாவில் சி.பி.எல்., மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எல்லாம் சேர்த்து 50 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ ஆகிறது. அதன்பின் ஏர்பஸ் 320 போன்ற ஒரு வகை விமானத்துக்கான டைப் ரேட்டிங் 15 லட்சத்துக்கு மேல். விமான நிறுவனங்கள் ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 1 கோடியைத் தொடுகின்றன. வங்கிக் கல்விக் கடன் உண்டு, ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். குடியிருக்கும் வீட்டை வைப்பதற்கு முன் மருத்துவச் சான்று, பிள்ளை தேறிய எழுத்துத் தாள்கள் இரண்டும் மேசையில் இருக்கட்டும்.

பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை விமானம்?' என்பதல்ல. இன்று காலை பறக்கத் தகுதியுள்ளவை எத்தனை, மாணவர் எத்தனை பேர், பயிற்றுநர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கணக்கு எளிது. ஓடும் விமானம் 6, ஒவ்வொன்றும் நாளுக்கு 4 மணி, மாதம் 25 நாள்: மொத்தம் 600 மணி. மாணவர் 60 பேர் என்றால் ஆளுக்கு மாதம் 10 மணி. 200 மணிக்கு 20 மாதம். மழைக்காலமும் மூடுபனியும் பராமரிப்பும் இதற்கு மேல். 12 மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று அந்தப் பள்ளி சொன்னால் கணக்கு ஒத்துவராது. இரவில் ஓடுபாதை விளக்கோடு நிலையம் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் இரவுப் பறப்புக்கு வேறு ஊருக்குப் போய்த் தங்க வேண்டும்.

பணத்தை மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில் வேண்டும். முழுத் தொகையையும் முதலிலேயே கேட்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பள்ளிகளை டி.ஜி.சி.ஏ. இப்போது தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் நகரில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி விமான அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளே என்று கேட்பவர்களுக்கு: 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. எந்தப் பள்ளியானாலும் ஒரு வார நாளில் நேரில் போய், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எத்தனை விமானம் எழும்புகிறது என்று வெளியே நின்று எண்ணிவிட்டு வாருங்கள்.

ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அந்த நேரம் சி.பி.எல்.லுக்குச் சேருமா?
– வாசகர், ஓசூர்

சேராது. அது 2021 ட்ரோன் விதிகளின் கீழ் வருவது. ட்ரோன் இயக்கிய நேரம் விமானி லாக் புக்கில் ஏறாது.

எனக்கு 34 வயது. தாமதமாகிவிட்டதா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

உரிமத்துக்கு உச்ச வயது வரம்பு இல்லை. விமான நிறுவனங்களில் 65 வயது வரை பறக்கலாம். ஆனால் கேடட் திட்டங்கள் தங்களுக்கென வயது வரம்பு வைக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பயிற்சி முடிந்தும் வேலை கிடைக்க ஓரிரு ஆண்டு ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, அதுவரை குடும்பம் நடத்தப் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சி.பி.எல். கையில் வந்துவிட்டது. இனி என்ன? டைப் ரேட்டிங்கை நானே பணம் கட்டி முடித்துவிட்டு வேலை தேடலாமா?
– புதிய உரிமதாரர், திருநெல்வேலி

அவசரப்பட வேண்டாம். டைப் ரேட்டிங் ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கு மட்டும் செல்லும். போயிங் 737-க்கு முடித்துவிட்டு ஏர்பஸ் 320 ஓட்டும் நிறுவனத்துக்குப் போனால் பயனில்லை. அதோடு, முடித்தபின் பறக்காமலே இருந்தால் ரேட்டிங் காலாவதியாகும்; புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டுங்கள்.

அந்தப் பயிற்சியில் முதலில் விமானத்தின் அமைப்புகள் பற்றிய வகுப்பும் தேர்வும். பிறகு இருவர் சேர்ந்து இயக்கும் முறையில் சிமுலேட்டர், கடைசியில் திறன் தேர்வு. அதன்பின் பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தில் 6 முறை எழும்பி இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சிக் கேப்டனோடு பயணிகள் விமானத்தில் வழித்தடப் பயிற்சி.

வேலை வரும்வரை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல விண்ணப்பங்கள் இந்த ஒன்றால் தள்ளுபடியாகின்றன. ஆங்கிலத் திறன் சான்றையும் பாருங்கள்: 4-ஆம் நிலை என்றால் 3 ஆண்டு, 5-ஆம் நிலை 6 ஆண்டு. மருத்துவச் சான்று 12 மாதம். லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் பள்ளியின் சான்றொப்பத்தோடு ஸ்கேன் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். 1,500 மணி நேரம் சேர்ந்து ஏ.டி.பி.எல். விண்ணப்பிக்கும்போது இதே முதல் பக்கங்களைத்தான் மறுபடி கேட்பார்கள்.